நிலாக்கல்லில் மஞ்சள் உரசிய கதை

1

மலர்க்குழுவினர் எழுதிய கடிதம் இரண்டு வாரத்துக்கு முன் வந்து சேர்ந்தது. நம் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் ‘கடல் கடந்து சாதித்த பழைய மாணவர்கள்’ என்று ஒரு பகுதி வைத்திருப்பதாகவும், நான் வந்த வழியையும் அடைந்த உயரத்தையும் பற்றி அதில் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். சாதனை என்று பார்த்தால், மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் நாளுக்கு முந்நூறு வடை போடுகிறேன். கல்வித் துறையில் பெரிய இடத்தில் இருப்பதாக என் மச்சான் நேமத்தான்பட்டி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இருப்பது பெரிய இடம்தான். சமையலறை நாற்பதடி நீளம்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதவும் வராது. ஆனால் இந்த நாட்டுக் குடியுரிமை எனக்குக் கிடைத்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதை மச்சான் தன் இஷ்டத்துக்கு ஊரில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. இதில் சந்திரன் வருகிறது, ஒரு கல் வருகிறது, என் மனைவி அன்னம் வருகிறாள். அதிகச் சேதம் பண்ணியது யார் என்பதைப் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

2

என் மகள் செல்வி, நான் வடை போடுகிற அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். இது நடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கேன்டீனில் என்னைப் பார்த்தால் தெரிந்தவர் மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டாள். வடையை மட்டும் வாங்கிக்கொள்வாள். வீட்டில் தமிழில் கேட்டால் பாதி நேரம் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதற்கு அன்னம் தமிழில் வைவாள். நடுவில் நான் எந்த மொழியும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

செல்வியின் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர் மிஸ் லிம் என்ற சீனப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சந்திரனுக்குப் போய்வந்தவர்களே போதும் என்று நிறுத்திவிட்ட பிறகும் மிஸ் லிம் நிறுத்தவில்லை. ஒரு பருவம் முழுக்கச் சந்திரனையே நடத்தினார். வகுப்பு என் சமையலறைக்கு எதிரில் இருந்ததால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக நானும் பாதிப் பாடம் படித்தேன்.

ஒருநாள் மிஸ் லிம் சமையலறைக்கு வந்து ஒரு தாம்பாளம் நிறைய மைதா கேட்டார். எண்ணெயும் வேண்டுமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு பார்த்தால் மாவைத் தாம்பாளத்தில் பரப்பி, மேலே கோகோத் தூளைத் தூவி, பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக மேலேயிருந்து கோலிக்குண்டைப் போடுகிறார்கள். விழுந்த இடத்தில் குழி. குழியைச் சுற்றி அடிமாவு வெள்ளையாகத் தெறித்துக் கிடக்கிறது. சந்திரனில் இருக்கிற பள்ளமெல்லாம் இப்படிக் கல் வந்து விழுந்து ஏற்பட்டதாம். தின்கிற மாவில் கல்லைப் போட்டதற்குக் கைதட்டு வாங்கிய பிள்ளைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம் பள்ளிக்கூடத்தில் கல்லைப் பற்றி நாங்கள் படித்ததெல்லாம் முட்டியால்தான். வாய்ப்பாடு ஒப்பிக்காதவனைச் சரளைக்கல்லில் முட்டி போட வைப்பார்கள். நான் வாய் திறக்காத பிள்ளை, வாய்ப்பாடு தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அதனால் ஐந்து வருஷமும் அந்தப் பாடத்தில் நான்தான் முதல். எந்தக் கல் கூர், எந்தக் கல் மொழுக்கை என்று இன்றைக்கும் என் முட்டிக்குத் தெரியும்.

மனிதர்கள் சந்திரனில் ஆறு இடத்தில் இறங்கியிருக்கிறார்கள். செல்வி ஒரு பெரிய படம் வரைந்து, ஆறு இடத்திலும் சின்னச் சிவப்புக் கொடி போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

“இதென்னடி, அப்பளத்துல எறும்பு ஏறுன மாதிரி?” என்று அன்னம் கேட்டாள்.

“நிலாம்மா. மொதல்ல இறங்கின இடம் இது. அமைதிக் கடல்.”

“கடலா? அப்பத் தண்ணி இருக்காக்கும்.”

“ஒரு சொட்டு இல்ல.”

“பெறகு எதுக்குக் கடலுங்கிறாக?”

“முன்ன தூரத்திலேருந்து பார்த்தவங்களுக்குக் கடல் மாதிரித் தெரிஞ்சுதாம். பேரு வெச்சிட்டாங்க. பக்கத்துல பாருங்க, இது புயல் பெருங்கடல். அங்கேயும் தண்ணி இல்ல, காத்தும் இல்ல.”

“நம்மூருக் கண்மாய்னு சொல்லு,” என்றாள் அன்னம். “அதுவும் பேருலதான் பெரிய கண்மாய். உள்ள ஆடு மேயும்.”

அம்மாவும் மகளும் ஒரே பேச்சில் ஒத்துப்போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

முதன்முதலில் சந்திரனில் இறங்கிய செய்தி வந்தபோது நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். தேவகோட்டை பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று செய்தி சொன்னது. “அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம் போனாக? எங்க வயலுக்கு வந்திருந்தா நானே அள்ளிக் குடுத்திருப்பேன்ல,” என்றார் மச்சான். மழை இல்லாத வருஷம் அது. செட்டியார் வீடுகளுக்கு இத்தாலியிலிருந்து கப்பலில் கல் வந்து இறங்கிய சீமை நம்முடையது. ராக்கெட்டில் கல் வந்ததற்கு நம்மவர்கள் வாய் பிளக்கவில்லை. “தரைக்குப் போட்டா வழுக்குமா?” என்று மட்டும் ஒருவர் விசாரித்தார்.

3

இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை. இல்லாதவர்களுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரன் வேலை பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த வருஷம் என் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்த குமாஸ்தா, “இதுதான் கடைசித் தடவையாக இருக்கும். நீல அட்டைக்கு எழுதிப் போடு. இல்லாவிட்டால் கப்பல் டிக்கெட்டுக்கு எழுதிப் போடு,” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரே குடிமகள் செல்விதான். இங்கேயே பிறந்தவள் என்பதால் பன்னிரண்டு வயது ஆனதும் நீல அட்டை வந்துவிட்டது. அன்னம் வைய ஆரம்பித்தால், “என் நாட்டுல இருந்துக்கிட்டு என்னையே திட்டாதீங்கம்மா,” என்பாள். ஆனால் என்னைக் கப்பல் ஏற்றினால் அந்தக் குடிமகளும் படிப்பை விட்டுவிட்டு எங்களோடு கப்பல் ஏற வேண்டியதுதான். அவளைத் தனியாக விட்டுப்போக எங்களுக்கு இங்கே யாரும் இல்லை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஏற்கெனவே ஒரு தடவை நீல அட்டைக்குப் போய்த் தோற்றவன். அதிகாரி முன்னால் மலாய்மொழியில் பேசிக் காட்ட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன். மலாய் நன்றாகப் புரியும். வாயைத் திறப்பதுதான் பிரச்சினை, அது எனக்குத் தமிழிலேயே பிரச்சினை. அதிகாரி பெயர் என்ன என்று கேட்டார். அட்டையை எடுத்துக் காட்டினேன். எங்கே பிறந்தாய் என்றார். அட்டையைத் திருப்பிக் காட்டினேன். இந்த நாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல் என்றார். ஜன்னல் வழியாக நாட்டைப் பார்த்தேன். போகச் சொல்லிவிட்டார்.

மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமென்றால், இவன் நல்லவன், இவனுக்கு மலாய் பேசத் தெரியும் என்று இரண்டு குடிமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். மளிகைக்கடைக்காரர் படித்துப் பார்க்காமலே போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்துக்குப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் போனேன். மலாய்க்காரர், எதையும் படித்துப் பார்க்காமல் போடாதவர்.

“நல்லவன் என்பதற்குப் போடலாம்,” என்றார். “பேசத் தெரியும் என்பதற்கு எப்படிப் போடுவது? ஆறு வருஷமாக உன் கையால் டீ குடிக்கிறேன். உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.”

பதில் சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் தலையை ஆட்டினேன்.

“திங்கட்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். அது நல்லபடியாக முடியட்டும். பிறகு வந்து என்னிடம் பேசு. பேசினால் கையெழுத்து,” என்று விண்ணப்பப் பாரத்தை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

4

இன்ஸ்பெக்டர் பார்க்க வருவது மிஸ் லிம்மின் சந்திர வகுப்பைத்தான். அதற்காக மிஸ் லிம் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மரப்பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தார். உள்ளே பஞ்சு வைத்துப் பன்னிரண்டு கல். சந்திரனில் எடுத்தவை இல்லை, எரிமலை கக்கியவை. சந்திரனிலிருந்து கொண்டுவந்த கல்லும் ஏறக்குறைய இதே ஜாதி என்பதால் பாடத்துக்கு இது போதும் என்று மூன்று தடவை சொன்னார். பிள்ளைகள் மூன்று தடவையும் காதில் வாங்கவில்லை. நிலாக்கல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வகுப்பைப் பன்னிரண்டு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கல்லை வியாழக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கல்லின் எடை, நிறம், குழிகளின் அளவு, தண்ணீரில் போட்டால் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது, எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி, திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். செல்வியின் குழுவுக்கு ஏழாம் எண் கல். கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறக் கல், உடம்பெல்லாம் ஊசிக்குழி. அன்றைக்குச் சாயங்காலமே குளிக்கிற இடத்து வாளியில் போட்டுத் தண்ணீர் அளந்தாள். ஈரம் காயட்டும் என்று கல்லை அங்கேயே திட்டில் வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்னம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள்.

நம் ஊரில் பெண்கள் குளிக்கிற இடத்தில் சொரசொரப்பாக ஒரு கல் கிடக்கும், மஞ்சள் கிழங்கை உரசி முகத்தில் பூசிக்கொள்வதற்கு. அதை யாரும் வாங்குவதில்லை, யாரும் கொண்டுவந்து போட்டதாகவும் தெரியாது. இருக்கும். இங்கே வந்த நாளிலிருந்து அன்னத்துக்கு அதுதான் குறை. வீட்டுத் தரை வழவழவென்ற சிமெண்டு, சுவர் பலகை. “மலையை வெட்டுறாக, ஈயத்தைத் தோண்டுறாக, மஞ்ச உரச ஒரு கல்லு இல்லாத சீமையில கொண்டாந்து விட்டீக,” என்று பதினான்கு வருஷமாகச் சொல்லிவருகிறாள். நான் பதினான்கு வருஷமாகத் தலையை ஆட்டிவருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது சோற்றோடு அப்பளம் இருந்தது. கேட்காமலே இன்னொன்று வைத்தாள். முகம் தகதகவென்று இருந்தது.

“இம்புட்டு நாளைக்குப் பெறகாவது காதுல ஏறுச்சே,” என்றாள். “எங்கிட்டு இருந்து எடுத்தாந்தீக? கெழங்கு வெண்ணெய் மாதிரி உரையுது.”

“எது?”

“அதான், கல்லு.”

நான் அப்பளத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். ஏழாம் எண் கல் திட்டில் இருந்தது. ஒரு பக்கம் சாம்பல். இன்னொரு பக்கம் ஊசிக்குழி ஒன்று விடாமல் மஞ்சள் அடைத்து, கோவிலூர்க் கோயில் விசேஷத்துக்குத் தயாரானது மாதிரி உட்கார்ந்திருந்தது.

5

பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி அதைப் பார்த்ததும் முதலில் இங்கிலீஷில் கத்தினாள். பிறகு மலாயில் கத்தினாள். கடைசியில் அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழில் கத்தினாள்.

“அது நிலாக்கல்லும்மா! யூனிவர்சிட்டியோடது!”

“நெலாக்கல்லை யாராச்சும் குளிக்கிற எடத்துல வெப்பாகளா? சாமி ரூம்புல வெச்சிருந்தா தொட்டிருப்பேனா?”

“சாமி ரூம்ல வெச்சிருந்தா பொட்டு வெச்சிருப்பீங்க!”

அது நிஜம்.

கழுவினால் போய்விடும் என்று நான் நினைத்தேன். தண்ணீருக்குப் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தோம். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது வேட்டி துவைத்தவர்களுக்குத் தெரியும். கல் செங்கல் நிறமாகச் சிவந்தது. புளியைக் கரைத்துத் தேய்த்தோம். மறுபடி மஞ்சள். நடுவில் செல்வி கோபத்தை மறந்துவிட்டு, “அப்பா, இன்னொரு தடவை சோப்புப் போடுங்க!” என்றாள். போட்டேன், சிவந்தது. புளி, மஞ்சளானது. அமிலம், காரம் என்று இது அவர்கள் பாடத்தில் இருக்கிறதாம். நாலு தடவை பண்ணிக் காட்டச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்து அழுதாள்.

“வெயில்ல போட்டா மஞ்சக்கறை தானாப் போயிரும்,” என்றாள் அன்னம்.

இதுவரைக்கும் நம் ஊர் வெயிலை நான் ஒருநாளும் தேடியதில்லை. காரைக்குடி வெயிலில் அந்தக் கல்லை ஒரு பகல் வைத்திருந்தால் மஞ்சள் என்ன, கல்லே வெளுத்திருக்கும். இங்கே சனிக்கிழமை காலையில் வைத்தேன், பத்து மணிக்கு மழை. உள்ளே எடுத்தேன். மத்தியானம் வைத்தேன், மழை. ஞாயிற்றுக்கிழமை பொழுது முழுக்கக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மேகம் கலைந்தால் நீட்டுவேன், தூறினால் மடக்குவேன். பக்கத்து வீட்டுச் சீனக்கிழவர் இது எங்கள் மதத்தில் ஒரு பூஜை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பார்த்தபோது கல் மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நடுவில் நின்றுவிட்டது. பழுத்த ஆரஞ்சுத் தோல் நிறம்.

“மிஸ்கிட்ட நீங்க சொல்லுங்கப்பா,” என்றாள் செல்வி. “நான் சொன்னா விளையாட்டுக்குச் செஞ்சேன்னு நெனைப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“சொல்றேன் ஆத்தா,” என்றேன்.

6

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே மிஸ் லிம்மின் வகுப்பு வாசலில் போய் நின்றேன். அவர் நாற்காலி மேல் ஏறிச் சந்திரன் படத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, “என்ன?” என்றார்.

“டீ?” என்றேன்.

“வேண்டாம்,” என்றார். வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பருத்த மனிதர், நல்ல சிரிப்பு. தலைமையாசிரியர் கூடவே வந்தார். அவர்களுக்கு டீ கொண்டுபோவது என் வேலை. நான் தட்டோடு வகுப்பின் கடைசியில் நின்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கல்லை எடுத்துக் காட்டி, அட்டையைப் படித்து, இது போன்ற கல் எந்தக் கொடி நட்ட இடத்தில் கிடைத்தது என்று படத்தில் குச்சியால் தொட்டார்கள். முதல் ஆறு கல்லும் சாம்பல். இன்ஸ்பெக்டர் ஒரு கொட்டாவியை மீசைக்குள் அடக்கினார்.

செல்வி எழுந்தாள். நல்ல பக்கம் மேலே தெரியும்படி கல்லை உள்ளங்கையில் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பினார்.

“ஆ!” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “இதைப் பாருங்கள், இதைப் பாருங்கள். கடைசியாகப் போனவர்கள் ஒரு பள்ளத்தாக்கில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டுபிடித்தார்கள். பேப்பரில் வந்தது. அதே நிறம்! இப்படிப்பட்ட கல்லைக்கூடத் தேடி எடுத்து வந்திருக்கிறீர்களே!”

வகுப்பு கைதட்டியது. தலைமையாசிரியர் முகத்தில் நான் ஆறு வருஷத்தில் பார்க்காத சந்தோஷம். மிஸ் லிம் மட்டும் கைதட்டாமல் பெட்டியோடு வந்த பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“உன் அட்டையில் நிறம் சாம்பல் என்று எழுதியிருக்கிறாய்,” என்று இன்ஸ்பெக்டர் செல்வியிடம் சொன்னார். “அடித்துவிட்டு ஆரஞ்சு என்று எழுது. இந்த அட்டையை நான் எடுத்துப்போய் மற்றப் பள்ளிக்கூடங்களில் காட்டப் போகிறேன்.”

செல்வி பென்சிலை எடுத்தாள். அட்டையில் வைத்தாள். எழுதவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம், தலைமையாசிரியருக்குச் சந்தோஷம், டிராயருக்குள் பாரம். சும்மா நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்பதில் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு பிரயோஜனம் வந்தது என்றால் அந்த ஒரு நிமிஷம்தான். ஆனால் என் மகள் எண்ணிய குழியையும் அளந்த தண்ணீரையும் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதே கையெழுத்தில் பொய்யையும் எழுதப் போகிறாள். பென்சில் முனை அட்டையைத் தொட்டது.

“துவான்,” என்றேன். ஐயா என்று அர்த்தம். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அது சந்திரன் இல்லை, துவான். மஞ்சள்.”

“எந்த மஞ்சள்?”

“மீன்குழம்புக்குப் போடுகிற மஞ்சள்.”

இன்ஸ்பெக்டர் கல்லை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தலைமையாசிரியரிடம் கொடுத்தார். அவரும் முகர்ந்தார். முப்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். மிஸ் லிம் பட்டியலை மூடி வைத்தார்.

“என் அறைக்கு வா,” என்றார் தலைமையாசிரியர்.

7

அறையில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன். டீத்தட்டு இன்னும் கையில் இருந்தது.

“சொல்,” என்றார்.

எப்படியும் கையெழுத்துப் போய்விட்டது என்ற தைரியமா, மூன்று நாள் தூங்காத எரிச்சலா, என்னவென்று தெரியவில்லை. சொன்னேன். எங்கள் ஊரில் பெண்கள் குளிக்கிற இடத்தில் கல் கிடக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். இந்த நாட்டில் அப்படி ஒரு கல் இல்லை என்று பதினான்கு வருஷமாக வீட்டில் நான் வாங்கிய வசவைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலைச் சொன்னேன். இரண்டாவது அப்பளத்தைச் சொன்னேன். சோப்பு, புளி, சோப்பு, புளி. தெரியாத மலாய் வார்த்தைக்குக் கையால் தேய்த்துக் காட்டினேன். அதற்காகத் தட்டை அவர் மேஜைமேல் வைத்துவிட்டேன். மழையிடம் வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. “ஒரு கல் காய்கிற அளவுக்குக்கூட வெயில் அடிக்காத நாட்டை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நாலு வார்த்தை சொல் என்றால் என்ன சொல்வது?” என்று கேட்டேன். சீனக்கிழவர் கும்பிட்டதைச் சொன்னபோது தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். முடித்தபோது கோப்பையில் டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

அவர் டிராயரைத் திறந்து பாரத்தை எடுத்தார். முழுக்கப் படித்தார். பேனாவைத் திறந்து, மலாய் பேசத் தெரியும் என்கிற இடத்தில் முதலிலும், நல்லவன் என்கிற இடத்தில் பிறகும் கையெழுத்துப் போட்டார்.

“குரல் மோசமில்லை,” என்றார். “இலக்கணம்தான் கேவலம்.” நான் வெளியே வந்த பிறகு கூப்பிட்டு, “புது டீ கொண்டு வா,” என்றார்.

செல்வி அட்டையை மாற்றி எழுதினாள். ‘நிறம்: சாம்பல். குழிகளில் மட்டும் மஞ்சள். காரணம்: என் அம்மா.’ மிஸ் லிம் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு அந்த அட்டையையும் பெட்டியில் வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இதுவரை பதில் வரவில்லை. ஏழாம் எண் கல்லை வைத்துக்கொண்டு அங்கே யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார்களோ.

மூன்று மாதம் கழித்து மொழிப் பரீட்சைக்குப் போனேன். அதே அதிகாரி. இந்த நாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல் என்று அதே கேள்வி. செல்வி எனக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுத்த ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய் எல்லாம் மறந்துபோனது. ஞாபகத்தில் இருந்தது ஒரு கதைதான், அதைச் சொன்னேன். பக்கத்து மேஜை அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “மழை நின்றதா இல்லையா?” என்று அவர்தான் கேட்டார். நீல அட்டை கிடைத்தது. நான் எழுதுவதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. சாதனை என்று போடுவதா வேண்டாமா என்பதை மலர்க்குழு பார்த்துக்கொள்ளட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று ஒரு கடிதம் வந்தது. அன்னத்துக்கும் நீல அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தோம். புதன்கிழமை அவள் நேரில் போய் அதிகாரி கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். செல்வி படித்துக் காட்டினாள். என்னால் முடிந்தது உன்னால் முடியாதா, ஏதாவது ஒன்றைத் தைரியமாகச் சொல்லிவிடு என்று அன்னத்திடம் சொன்னேன். எனக்கு இப்போது யோசனை சொல்கிற அளவுக்கு வாய் வந்துவிட்டது.

அவள் அரிசி களைந்த கையோடு வந்து என் எதிரில் நின்றாள்.

“எதைச் சொல்றது? எங்கிட்ட இருந்ததே ஒரு கதைதான். உரசுனது நான், ஊரு முச்சூடும் வசவு வாங்குனது நான். அதைக் கொண்டுபோயி ரெண்டு ஆபீசுல சொல்லி நீங்க அட்டையும் வாங்கிட்டீக. இப்ப அதையே மலருக்கும் எழுதிக்கிட்டு இருக்கீக. நான் போயி அந்த ஆபீசர்கிட்ட எதைச் சொல்றதுங்கிறேன்?”